குளக்கட்டில் நின்று படிக்கும் புவியியல்: பௌதிகப் புவியியலைப் புதிதாகத் தொடங்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு

தரம் பத்தில் நான் எழுதிய ஒரு விடை இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. உங்கள் மாவட்டத்தின் மழைவீழ்ச்சியை விளக்குக என்பது கேள்வி. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை இலங்கைக்கு மழை தருகிறது என்று நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதை அப்படியே எழுதினேன். அது ஜூலை மாதம். சோதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் கிணற்றில் வாளி சேற்றில் முட்டுகிறது. குளத்தின் நடுவில் மிஞ்சிக் கிடந்த தண்ணீருக்கு மாடுகள் நடையாய் நடக்கின்றன. சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது. அந்த விடைக்குப் புள்ளி கிடைக்கவில்லை. புத்தகத்தில் பிழை இருக்கவில்லை. அந்த வசனம் கொழும்புக்கும் இரத்தினபுரிக்கும் பொருந்துவது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு நான் அதை எழுதினேன்.

இப்போது பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையும் அதே இடத்தில்தான் இடறுகிறது. சொற்கள் தெரியும், வரைவிலக்கணம் தெரியும், ஆனால் அந்தச் சொல் தன் வளவில் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊரில் ஒரு குளம் இருக்கும். அந்தக் கட்டில் ஏறி நின்றால் பௌதிகப் புவியியலின் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரியும். அதை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கொப்பி, அடிமட்டம், ஒரு மீற்றர் நீளமான நேரான தடி, பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் இரண்டு, பள்ளிக்கூட அட்லஸ். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் உங்கள் பகுதித் தாள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் அதைப் பார்க்கக் கேட்டு வையுங்கள். வேறு ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் பார்க்க, கல் பார்க்க என்று பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குப் பக்கத்திலும் போகக் கூடாது. குளங்களில் முதலை உண்டு, மாலை மங்கினால் யானை உண்டு. ஊரவர் நடமாடும் பாதை, கட்டு, வயல் வரம்பு, உங்கள் வளவு, இவை போதும். தனியே போகாமல் வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடு போங்கள்.

நான்கு கோளங்களும் ஒரு கேள்வியும்

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் கற்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று நான்கு பெயர்கள் வரும். இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாக எண்ணிப் படித்தால் பின்னால் எல்லாம் சிக்கிக்கொள்ளும். குளக்கட்டில் நின்று பாருங்கள். கட்டின் மண்ணும் அதற்கடியில் உள்ள பாறையும் கற்கோளம். முகத்தில் அடிக்கும் காற்று வளிமண்டலம். தண்ணீர் நீர்க்கோளம். கரையில் நிற்கும் மருதும், தண்ணீரில் நிற்கும் கொக்கும், நீங்களும் உயிர்க்கோளம். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது நீர்க்கோளம் வளிமண்டலத்துக்குள் போகிறது. மருத மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும்போது உயிர்க்கோளம் கற்கோளத்தைத் தாங்குகிறது. இப்படி ஒன்றுக்குள் ஒன்று போய் வருவதைத்தான் இந்தப் பாடம் முழுவதும் படிக்கப் போகிறீர்கள்.

படிக்கும்போது ஒரே கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இது ஏன் இங்கே? வயல் ஏன் குளத்துக்குக் கீழே? வீடுகள் ஏன் மேட்டில்? களப்பு ஏன் கடற்கரையில் மட்டும்? விடை தெரியாவிட்டாலும் கொப்பியில் கேள்வியை எழுதி வையுங்கள்.

முதலில் சூரியன்

அகலாங்கு, நெட்டாங்கு என்ற அத்தியாயத்தைப் பிள்ளைகள் வெறுப்பதற்குக் காரணம், அதைக் கோடுகளாக மட்டும் பார்ப்பதுதான். நிழலாகப் பாருங்கள்.

ஒரு மீற்றர் தடியை முற்றத்தில் நெட்டாக நட்டு வையுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். அந்த நேரத்து நிழல் வடக்குத் தெற்காகவே கிடக்கும். திசைகாட்டி இல்லாமல் வடக்கைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கிளிநொச்சி ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 9.4 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 22 அளவில் சூரியன் மகரக் கோட்டுக்கு மேலே, தெற்கு 23½ பாகையில் நிற்கும். அன்றைக்கு நண்பகலில் உங்கள் தடியின் நிழல் வடக்கே 64 சென்ரிமீற்றர் அளவுக்கு நீளும். ஜூன் 21 அளவில் சூரியன் கடகக் கோட்டுக்கு மேலே போய்விடும். அப்போது அது எங்களுக்கு வடக்கே. நிழல் தெற்கே, 25 சென்ரிமீற்றர் அளவில் விழும். ஒரே முற்றம், ஒரே தடி, நிழல் மட்டும் பக்கம் மாறுகிறது. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வந்தாக வேண்டும் அல்லவா? ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை. வானொலியில் "சூரியன் உச்சம் கொடுக்கிறது" என்று ஊர்ப்பெயர்களோடு சொல்வது இதைத்தான். வன்னிக்கு முதல் உச்சம் சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி வரும். புத்தாடையோடு முற்றத்தில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் காலடிக்குள் சுருண்டிருக்கும்.

அந்த நேரம் சரியாக 12 மணி அல்ல, 12.08, 12.10 அளவில் வரும். இங்கேதான் நெட்டாங்கு உள்ளே வருகிறது. எங்கள் கடிகாரம் கிழக்கு நெட்டாங்கு 82½ பாகைக்கு வைக்கப்பட்டது. கிளிநொச்சி 80.4 பாகையில். வித்தியாசம் 2.1 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுக்கும். 2.1 ஐ நாலால் பெருக்கினால் 8.4 நிமிடம். எங்களுக்குச் சூரியன் அவ்வளவு பிந்தி வருகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் ஊருக்குச் செய்து பார்த்தவர்களுக்கு நேரக்கணிப்புக் கேள்வி பிறகு எந்தக் காலத்திலும் பயம் தராது.

கிணறு ஒரு பாடப்புத்தகம்

அடுத்தது பாறை. தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகை. உருகிய குழம்பு ஆறி உறைந்தது முதலாவது. மணலும் சேறும் உயிரினங்களின் ஓடுகளும் படிந்து இறுகியது இரண்டாவது. இவை மண்ணுக்கடியில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறினால் மூன்றாவது.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய, 54 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பளிங்குருப் பாறைகளால் ஆனது. புவிச்சரிதவியலாளர் அதைப் பிரித்துப் பெயரிட்டபோது ஒரு பெரும் பகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்தார்கள். உலகத்து ஆய்வாளர்கள் எழுதும் பெயரில் எங்கள் மண்ணின் பெயர் இருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறையும். வவுனியாப் பக்கம் வயல்களுக்கு நடுவே தலை நீட்டும் கற்பாறைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டி பட்டியாகக் கோடு ஓடியிருந்தால் அது நைஸ், உருமாறிய பாறை.

மேற்கே மன்னார்ப் பக்கம் போனாலும் வடக்கே கடலேரியைத் தாண்டி யாழ்ப்பாணம் போனாலும் கதை மாறுகிறது. அங்கே மயோசீன் காலத்துச் (ஏறத்தாழ 50 இலட்சம் முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட) சுண்ணக்கல், கடலடியில் படிந்த அடையற்பாறை. இந்த வித்தியாசம் குடிக்கும் தண்ணீர் வரைக்கும் வரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் பொந்துகளும் வெடிப்புகளும் உண்டு, தண்ணீர் அதற்குள் தங்கும். எங்கள் கருங்கல் தண்ணீரை உள்ளே விடாது. பாறைக்கு மேலே உக்கிப்போன படைக்குள்ளும் பாறை வெடிப்புகளுக்குள்ளும்தான் எங்கள் நிலக்கீழ் நீர் நிற்கிறது. கிணறு வெட்டுகிறவர்கள் "கல்லுத் தட்டிப் போச்சு" என்று சொல்லி மண்வெட்டியை வைத்துவிடுவது அதனால்தான். ஊரில் வற்றாத கிணறுகளைக் குறித்துப் பாருங்கள், பெரும்பாலானவை குளத்துக்குக் கீழே இருக்கும். குளம் வயலுக்கு மட்டுமல்ல, நிலத்துக்கடியிலும் பாய்கிறது.

யாராவது கிணறு வெட்டினால் அது உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. விளிம்புக்குப் போகாமல், தள்ளி நின்று, வெளியே வரும் மண்ணை ஒழுங்காகப் பாருங்கள். முதலில் ஒரு சாண் அளவுக்கு வேர்களும் உக்கலும் கலந்த இருண்ட மண். பிறகு செங்கபில மண். அதற்குள் வெள்ளைக் குறுணிக்கல் கலந்து வரும், அவை படிகக் கற்கள். அதற்குக் கீழே கையால் நசித்தால் உதிரும் உக்கிய கல். அதைச் சற்று உற்றுப் பார்த்தால் பாறையின் பழைய கோடுகள் இன்னும் தெரியும். கடைசியில் கருங்கல். புத்தகத்தில் மண் பக்கப்பார்வை என்று வரையும் படம் இதுதான். கருங்கல் உக்கி, உக்கியது மண்ணாகி, மண்ணில் இலை விழுந்து உரமாகி மேலே வந்திருக்கிறது. கீழிருந்து மேலே வாசியுங்கள், காலம் முன்னோக்கி ஓடும்.

மண்ணை வீட்டிலேயே சோதிக்கலாம். மேட்டுக் காணியில் ஒரு பிடி, வயலில் ஒரு பிடி எடுத்து இரண்டு போத்தல்களில் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். அதன்மேல் மண்டி மெல்லப் படியும். களி அடுத்த நாளும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருக்கும். இரண்டு போத்தல்களிலும் படைகளின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். வயல் மண்ணில் களி கூட இருப்பதைக் கண்ணால் காண்பீர்கள். தண்ணீர் கட்டி நிற்பதற்கு அந்தக் களிதான் காரணம். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் இதன் உச்சம்: மழையில் ஒட்டிப் பிடிக்கும், கோடையில் கை விடுமளவுக்கு வெடிக்கும்.

கிறவல் ஒழுங்கையில் ஓர் ஆறு

வானிலையால் அழிதல், அரிப்பு. இந்த இரண்டையும் குழப்பாத புதுப் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. நின்ற இடத்திலேயே பாறை உடைந்து உக்குவது வானிலையால் அழிதல். உடைந்ததை ஆறோ காற்றோ அலையோ தூக்கிக்கொண்டு போவது அரிப்பு. வெயிலில் சுட்ட பாறையின் மேல்தோல் வெங்காயம் உரிவதுபோல் கழன்று அங்கேயே கிடந்தால் முதலாவது. அது மழை வெள்ளத்தில் உருண்டு ஓடினால் இரண்டாவது.

கார்த்திகை மாதத்தில் நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் சரிவான கிறவல் ஒழுங்கை ஒன்றுக்குப் போங்கள். மேல் முனையில் விரல் அகலத்தில் பல சிறு கீறல்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் ஓர் ஆழமான பள்ளம். அந்தப் பள்ளம் நேராக ஓடாது, கல் ஒன்று குறுக்கே வந்தால் வளையும். வளைவின் வெளிப்பக்கம் வெட்டுப்பட்டு நிற்கும், உட்பக்கம் மணல் ஏறியிருக்கும். ஒழுங்கை முடிந்து தரை மட்டமாகும் இடத்தில் தண்ணீர் வேகம் இழந்து, கொண்டு வந்ததையெல்லாம் விசிறிபோல் விரித்து விட்டிருக்கும். விசிறியின் தொடக்கத்தில் பெரிய குறுணி, விளிம்பில் மெல்லிய மண். மேல்பகுதியில் அரிப்பு, நடுவில் காவுதல், கீழே படிவு. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிச் செய்வதை இந்த ஒழுங்கை நாற்பது அடிக்குள் செய்து காட்டியிருக்கிறது. அதை அப்படியே கொப்பியில் வரையுங்கள், அளவுகளோடு. அடுத்த மழைக்குப் பிறகு திரும்பப் போய் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

மழை எப்போது, ஏன்

நான் இடறிய இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இலங்கையின் ஆண்டை வளிமண்டலவியல் திணைக்களம் நான்காகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் தென்மேல் பருவம், ஒக்ரோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசம்பர் முதல் பெப்ரவரி வடகீழ் பருவம்.

சித்திரையில் சூரியன் உச்சம் கொடுக்கும் காலத்தில் காலை முழுவதும் தரை சூடேறும். சூடான வளி மேலெழும். மேலே போகப் போகக் குளிரும். குளிர்ந்தால் நீராவி ஒடுங்கி முகிலாகும். பின்னேரம் இடி மின்னலோடு கொட்டிவிட்டு இரவில் வானம் வெளித்துவிடும். இது மேற்காவுகை மழை.

மே மாதத்தில் தென்மேல் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, மேலேறி, அங்கேயே ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. அந்தச் சரிவில் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதே காற்று வன்னிக்கு மேலாகவும் வீசுகிறது. ஆனால் இங்கே அதை மேலே தூக்கிவிட ஒரு மலை இல்லை. தட்டையான தரையில் ஈரத்தை இறக்காமலே ஓடிப் போகிறது. அதுதான் சோளகம். மழை தருவதற்குப் பதிலாகக் குளத்துத் தண்ணீரையும் மண்ணின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

ஒக்ரோபரில் காற்றுகள் திசை மாறும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்கும். எங்களுக்கு மழை இதிலிருந்துதான். பிறகு வாடை, வடகீழ் பருவக்காற்று, விரிகுடா ஈரத்தோடு வந்து சேரும். வன்னிக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது பெரும்பாலும் 1000 முதல் 1500 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்ரோபர் தொடங்கி ஜனவரிக்குள் வந்துவிடும். எனவே "வன்னிக்கு மழை தருவது வடகீழ் பருவக்காற்று" என்று மட்டும் எழுதினால் அரை விடைதான். இரண்டாம் இடைப்பருவத்தையும் தாழமுக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். காலபோகம் (மாரி நெற்செய்கை) ஏன் அந்த மழையோடு தொடங்குகிறது, சிறுபோகம் (கோடை நெற்செய்கை) ஏன் குளத்தில் மிஞ்சிய தண்ணீரை நம்பி இருக்கிறது என்ற கேள்விகளுக்கும் இதற்குள்ளேயே விடை இருக்கிறது.

மழையை நீங்களே அளக்கலாம். பக்கங்கள் நேரான பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை, அகலம் மாறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே செருகுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால், நேரான பகுதி வரை தண்ணீர் விட்டு அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். அங்கிருந்து மேலே மில்லிமீற்றர் கோடு போடுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, காற்றில் சரியாதபடி ஒரு தடியோடு கட்டி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு வாசித்து எழுதிவிட்டு, தண்ணீரைத் திரும்பப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் தரையில் ஒரு லீற்றர் தண்ணீர். இதை மறக்க வேண்டாம். எட்டு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலமுள்ள கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 2000 லீற்றர் வடிகிறது. அந்தத் தண்ணீர் உங்கள் வளவில் எந்தப் பக்கம் ஓடிப் போகிறது என்று பார்த்தால் அடுத்த அத்தியாயத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

வெப்பநிலையைப் பற்றி ஒன்றே ஒன்று: உயரம் 1000 மீற்றர் கூடினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா 1880 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. எங்களைவிட அங்கே 12 பாகை குறைய இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும். ஆண்டுச் சராசரியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

தண்ணீர் போகும் வழி

அட்லஸில் வவுனியாவைத் தொட்டு வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவுதான் உயரம். ஆனாலும் சுற்றியுள்ள கரைகளோடு பார்த்தால் அதுவே மேடு. கனகராயன் ஆறு அந்தப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடி இரணைமடுக் குளத்துக்குள் விழுந்து, அதைத் தாண்டிச் சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. பாலியாறும் பறங்கியாறும் மேற்குக் கடலுக்கு. பேராறு நந்திக்கடல் களப்புக்கு. ஒரு ஆற்றுக்கு மழைநீரை அனுப்பும் நிலம் முழுவதும் அதன் நீரேந்து பிரதேசம். இரண்டு நீரேந்து பிரதேசங்களுக்கு நடுவில் உள்ள மேட்டுக் கோடு நீர்பிரிமேடு. வன்னியில் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு தாழ்ந்தது, சைக்கிளில் போனால் மிதிக்கும் கால்தான் அதை உணரும்.

ஆறுகள் கோடையில் மணல் பாதையாகக் கிடக்கும். இவை பருவகால ஆறுகள். அதனால்தான் முன்னோர்கள் ஆற்றை நம்பாமல் அதை மறித்துக் குளம் கட்டினார்கள். வவுனிக்குளமும் கட்டுக்கரைக் குளமும் மிகப் பழைய குளங்கள், பிற்காலத்தில் திருத்தப்பட்டவை. குளத்தின் உறுப்புகளைச் சரியான சொல்லால் பழகிக்கொள்ளுங்கள்: தண்ணீரைத் தாங்குவது கட்டு, வயலுக்குத் தண்ணீர் விடுவது துருசு, மேலதிக நீர் வழிவது வான், தண்ணீர் ஏறி இறங்கும் மேற்கரை அலைகரை. மேல்குளத்தின் வான் நீர் கீழ்க்குளத்துக்குப் போகும். ஒரு துளி பல குளங்களில் தங்கித் தங்கித்தான் கடலுக்குப் போய்ச் சேரும்.

2018 டிசம்பர் 21, 22 இல் பெய்த மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் பற்றிக் கேள்வி வந்தால் "அதிக மழை" என்று நிறுத்திவிடாதீர்கள். மண் ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்திருந்ததா, குளங்கள் முட்டியிருந்தனவா, தரை எவ்வளவு தட்டை, களப்பின் வாய் திறந்திருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

களப்பின் வாய் என்றேன். முல்லைத்தீவுக் கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலை கரைக்குச் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகரும். நகரும் மணல் களப்பின் வாயை அடைத்து மணற்றடையாக நிற்கும். மாரியில் உள்ளே வெள்ளம் ஏறினால் அது தானாக உடையும், அல்லது மனிதர் வெட்டி விடுவார்கள். உப்பும் நன்னீரும் கலப்பதில்தான் நந்திக்கடலின் இறால் வாழ்கிறது. கற்கோளமும் நீர்க்கோளமும் உயிர்க்கோளமும் ஒரே வாயில் சந்திக்கின்றன.

2004 டிசம்பர் 26 ஐயும் இந்தப் பாடத்தில் படிக்கத்தான் வேண்டும். எங்கள் வகுப்பில் அதை மெதுவாகத்தான் பேசுவோம், அந்த நாளில் உறவுகளை இழந்த வீடுகள் இங்கே உண்டு. சுமாத்திராவுக்கு அருகே ஒரு புவித்தகடு இன்னொன்றின் கீழே அமிழும் எல்லையில் நில அதிர்வு நடந்தது. இலங்கை தகட்டு எல்லையில் இல்லை. ஆனாலும் அலை இரண்டு மணி நேரம் அளவில் எங்கள் கிழக்குக் கரையை அடைந்தது. கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தால் பார்க்க நிற்காமல் உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். இந்த ஒரு வரியைப் புள்ளிக்காகப் படிக்காமல் உயிருக்காகப் படியுங்கள்.

எரிமலையும் பனியாறும் எங்களிடம் இல்லை. அவற்றை அட்லஸிலும் படங்களிலும் படித்துக்கொள்ளலாம். தொடக்கத்தை அங்கே வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

வரைபடத்தைக் குளமே சொல்லித் தரும்

1:50,000 என்றால் தாளில் 2 சென்ரிமீற்றர் தரையில் ஒரு கிலோமீற்றர். வளைந்த வீதியை அளக்க நூலை அதன்மேல் வளைத்து வைத்து, பிறகு நீட்டி அளவுங்கள். குளம் ஒன்றைக் கண்டால் கட்டு எந்தப் பக்கம் வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டு எப்போதும் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கும். எனவே சமவுயரக்கோடு ஒன்றுகூட இல்லாத வன்னித் தாளிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

சமவுயரக்கோடு என்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடாத விஷயம். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளைச் சேர்க்கும் கோடு என்று வரைவிலக்கணம் சொல்வார்கள், கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். ஆவணி மாதத்தில் அலைகரைக்குப் போங்கள். தண்ணீர் வற்ற வற்ற, நின்று நின்று இறங்கிய ஒவ்வொரு மட்டத்திலும் சருகும் நுரையும் சேறும் ஒரு கோட்டை விட்டுப் போயிருக்கும். ஒரே கோட்டில் உள்ள எல்லா இடத்தையும் ஒரே நாளில் ஒரே தண்ணீர் தொட்டு நின்றது. தண்ணீர் மட்டம் சரிந்து நிற்காது, ஆகவே அந்தக் கோடு முழுவதும் ஒரே உயரம். அதுவே சமவுயரக்கோடு. கரை செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். தட்டையான இடத்தில் விலகிக் கிடக்கும். ஓடை ஒன்று குளத்துக்குள் வரும் இடத்தில் கோடுகள் எல்லாம் ஓடை வரும் பக்கமாக, மேல்நோக்கி வளைந்து போயிருக்கும். சோதனைத் தாளில் பள்ளத்தாக்கு என்று இனங்காணச் சொல்வது அந்த வளைவைத்தான்.

சேறு காய்ந்து கால் புதையாத பக்கமாகப் பார்த்து, ஒரு கோட்டின் வழியே பத்து அடிக்கு ஒன்றாகச் சிறு தடிகளை நட்டு வையுங்கள். அதற்குக் கீழே உள்ள கோட்டிலும் ஒரு வரிசை நடுங்கள். கட்டில் ஏறி நின்று இரண்டு வரிசைகளையும் கொப்பியில் வரைந்து திகதி போடுங்கள். பிறகு ஐப்பசி மழைக்காகப் பொறுத்திருங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் தினமும் பின்னேரம் கட்டுக்குப் போங்கள். முதலில் கீழ்வரிசை. அந்த வரிசையின் எல்லாத் தடிகளின் அடியும் ஒரே நாளில் நனையும்.